நாடற்றோர் அணிக்கும் பாஸ்போர்ட் வேண்டும்: பவானிசாகரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூன் மாதத்தில் சுவீடனின் ஊஸ்டெர்சுண்ட் நகரில், ஃபிஃபாவில் இடமில்லாத நாடற்ற அணிகளுக்காக ஓர் உலகக் கால்பந்துக் கோப்பை நடந்தது. அதே மாதம் பிரேசிலில் தொடங்கிய ஃபிஃபா கோப்பையின் இரைச்சலில் இது யார் காதிலும் விழவில்லை. பன்னிரண்டு அணிகள், அவற்றில் ஒன்றின் பெயர் தமிழீழம். முதல் சுற்றில் குர்திஸ்தானிடம் 9-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த அணி, கடைசி இடங்களுக்கான ஆட்டத்தில் சூடானின் டார்ஃபூர் அகதிகளின் அணியை 10-0 என்று வென்று ஊர் திரும்பியது. ஊர் என்றால் பிரிட்டன், கனடா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகள். யாழ்ப்பாணமோ மன்னாரோ அல்ல. பவானிசாகரும் அல்ல.

பவானிசாகரை ஏன் இழுக்கிறேன் என்றால், ஈரோடு மாவட்டத்தில் அந்த அணையை ஒட்டியிருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் கொங்கு வட்டாரத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. அங்கே மாலை வேளைகளில் நல்ல கால்பந்து ஆடுகிறார்கள். நாடில்லாதவர்களுக்காக ஓர் உலகக் கோப்பை நடக்கிறது என்றால், அதில் ஆடும் முதல் தகுதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாடில்லாமல் இருக்கும் இவர்களுக்குத்தானே இருக்க வேண்டும்? ஆனால் இவர்கள் எவரும் ஆட முடியாது. அது ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. விடை விளையாட்டுத் திறனில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

ஃபிஃபாவுக்கு வெளியே

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிஃபாவில் 211 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. அதற்குள் நுழைய முடியாத இனங்கள், தீவுகள், வட்டாரங்கள், அங்கீகாரம் கிடைக்காத அரசுகள் எல்லாம் தங்களுக்குள் ஆடிக்கொள்ள 2006 முதல் 2012 வரை விவா உலகக் கோப்பை என்று ஒன்று இருந்தது. அதன் கடைசிப் போட்டி குர்திஸ்தானில் நடந்தபோது தமிழீழ அணியும் போனது. 2013-ல் கோனிஃபா என்ற புதிய கூட்டமைப்பு உருவாகி, சுவீடனில் பதிவு பெற்று, அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஊஸ்டெர்சுண்ட் கோப்பை அது நடத்தியதுதான். வட ஐரோப்பாவின் பழங்குடியான சாமி மக்கள், வடக்கு சைப்ரஸ், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியா, சாகோஸ் தீவினர், இங்கிலாந்துவாழ் பஞ்சாபியர் என்று அதன் பட்டியல் வண்ணமயமானது. பஞ்சாப் அணி 2016-ல் அப்காசியாவில் நடந்த இறுதியாட்டம்வரை போய், பெனால்டியில் தோற்றது.

கோனிஃபா யாருடைய கொடியையும் அங்கீகரிப்பதில்லை, மறுப்பதும் இல்லை. ஒரு வீரர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரா என்பதுதான் அதன் அக்கறை. எந்த நாட்டுக் குடிமகன் என்பது இரண்டாம்பட்சம். 2018 லண்டன் போட்டியில் பச்சை அட்டை என்று ஒன்றைக்கூட அறிமுகப்படுத்தினார்கள். அதைப் பெற்றவர் வெளியேற வேண்டும். ஆனால் மாற்று வீரர் இறங்கலாம். நம் ஊர் நடுவர்களிடம் கொடுத்தால் ஒரு ஆட்டத்துக்கு அரைக் கட்டு தீர்ந்துவிடும்.

அந்த லண்டன் போட்டியில் பதினாறு அணிகள். சோமாலியப் புலம்பெயர்ந்தோரின் பரவா அணி போட்டியை முன்னின்று நடத்தியது. தமிழீழம் பரவாவிடம் 4-0, வட அமெரிக்காவின் கஸ்கேடியாவிடம் 6-0 என்று தோற்றது. கோப்பை கர்பாடல்யாவுக்குப் போனது. உக்ரைனில் வாழும் ஹங்கேரியச் சிறுபான்மையினரின் அணி அது. கோல் கணக்குகளை வைத்துத் தமிழீழ அணியைக் கேலி செய்வது எளிது. அவர்கள் வார நாட்களில் வேலைக்குப் போய், சொந்தப் பணத்தில் விமான டிக்கெட் எடுத்து, நான்கைந்து நாடுகளிலிருந்து வந்து சேர்ந்து, போட்டிக்குச் சில நாள் முன்புதான் ஒன்றாகப் பயிற்சி எடுக்க முடிகிற பிள்ளைகள். அந்த நிலையில் எதிரியின் ஆட்டத்தைப் படிப்பது இருக்கட்டும், தன் பக்கத்தில் நிற்பவன் பந்தை எந்தக் காலில் வாங்குவான் என்பதே பிடிபட்டிருக்காது.

ஒரு பேட்லாக் டெய்லர்

இந்த ஆய்வுக்கு நடுவில் நிற்பவர் ஒரு இடது பின்கள ஆட்டக்காரர். பெயரும் அடையாளமும் வேண்டாம் என்றதால் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். அவர் என்னை அண்ணா என்று அழைப்பவர், பொருத்தமும்கூட. பெற்றோர் 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி ராமேசுவரம் பக்கத்து மண்டபம் வந்து, அங்கிருந்து பவானிசாகருக்கு அனுப்பப்பட்டவர்கள். இவர் பிறந்தது 1999-ல், இங்கேதான். வீட்டில் அம்மாவிடம் மன்னார்த் தமிழ் பேசுவார். கதவைத் தாண்டினால் ஏனுங்க, வாங்க என்று அச்சு அசல் சத்தியமங்கலத்துக்காரர்.

திருப்பூரில் விளையாட்டு ஜெர்சி தைக்கும் ஒரு சிறு யூனிட்டில் மடிப்புத் தைக்கும் பேட்லாக் மிஷின் ஓட்டுகிறார். வேலை எப்படி நடக்கிறது என்று காட்டினார். பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் பிரிண்டிங்கில் எண், பெயர், சின்னம் எல்லாம் முன்கூட்டியே ஏறிவிடும். முன் துண்டு, பின் துண்டு, இரண்டு கைகள் என்று வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வரும். ஓவர்லாக் மிஷினில் தோளும் பக்கமும் சேர்ந்த பிறகு இவரிடம் வரும். அடி மடிப்பும் கை மடிப்பும் இவர் வேலை. பருத்தி பனியன் துணி சொன்ன பேச்சைக் கேட்கும். பாலியஸ்டர் வழுக்கும். கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் மடிப்பு அலை அலையாகச் சுருங்கிவிடும், விட்டால் ஊசிக்கு அடியில் கோணிக்கொள்ளும். இடது கை விரல் இரண்டை மட்டும் துணியின் மேல் வைத்து, இழுக்காமல் தள்ளாமல் மிஷின் போகிற வேகத்துக்கே போக விடுகிறார். செக்கிங் மேசையில் இவர் கட்டிலிருந்து திரும்பி வரும் உருப்படி குறைவு என்று பக்கத்து மிஷின்காரர் சொன்னார்.

ஏதேதோ நாடுகளின் பெயரில் ரசிகர்கள் போடும் ஜெர்சிகள் இவர் கையைத் தாண்டிப் போகின்றன. கழுத்துப் பட்டைக்கு உள்ளே, இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சாகிறது. தைத்தவருக்கு அந்த அச்சு இல்லை.

கதவுகள்

ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர் எவரானாலும் குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு விதி இன்னும் இறுகுகிறது. முகாமிலேயே 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். தம்பி அந்தச் செய்தியைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு அது பொருந்தாது. தேதி பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளிப் போய்விட்டது. 2019-ன் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. நல்லதுதான். ஆனால், இல்லாதது குற்றம் அல்ல என்பதால் இருப்பதாக ஆகிவிடாது.

இன்னொரு கதவு உண்டு. பெற்றோர் இலங்கையர் என்பதால், பிறப்புச் சான்றிதழைக் காட்டிச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளலாம். பலர் செய்திருக்கிறார்கள், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்கு நெடுங்காலமாக உதவி வருகிறது. அந்த வழியில் பாஸ்போர்ட்டும் கிடைக்கக்கூடும். ஆனால் இந்தியாவைவிட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும், அது பெரும்பாலும் நாடு திரும்புவோருக்கான ஒருவழிப் பாதை. பத்து நாள் பந்தாடிவிட்டுத் திரும்பி வந்து முகாமில் பழையபடி பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எவரும் உறுதி தர மாட்டார்கள்.

சரி, அப்படியே இலங்கைப் பாஸ்போர்ட்டுடன் போனாலும் இறங்கப்போவது எந்தப் பெயரில்? இங்கேதான் முடிச்சு இறுகுகிறது. 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பில் வந்த ஆறாவது திருத்தம், நாட்டுக்குள் தனி அரசு அமைவதை ஆதரிப்பதையோ பரப்புவதையோ குற்றமாக்குகிறது. குடிமை உரிமைகளை ஏழாண்டுவரை பறிக்க அதில் இடம் இருக்கிறது. அந்தக் குடிமை உரிமைகளின் பட்டியலில் பாஸ்போர்ட் பெறும் உரிமையும் ஒன்று. தமிழீழம் என்று நெஞ்சில் எழுதிய சட்டையை ஒரு வழக்கறிஞர் எப்படி வாதாடுவார், நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்பதெல்லாம் வேறு விவகாரம். பதினெட்டு வயதுப் பையனின் தகப்பன் அந்தப் பரிசோதனைக்குத் துணிய மாட்டார். யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் கால்பந்துக்குக் குறைவே இல்லை. இருந்தும் தமிழீழ அணி புலம்பெயர்ந்தோரை நம்பியே நிற்பதற்கு நான் காணும் பெரிய காரணம் இதுதான்.

தமிழ்நாட்டிலோ வேறொரு கூச்சம். விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. முகாம்களைக் கண்காணிப்பது கியூ பிரிவு போலீஸ். கால்பந்து அணிக்கும் இயக்கத்துக்கும் வேறுபாடு சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் புரியவைக்கும் சுமை ஆடுகிறவன் தலையில் விழும். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒரு வார இறுதிப் பெருமிதம். முகாம்காரருக்கு அது ஒரு விசாரணை.

ஆக, நாடற்றவர்களின் பெயரால் ஆடும் அணியில் ஆட, பின்னால் ஓர் உறுதியான நாடு நிற்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனோ கனடாவோ கொடுத்த பாஸ்போர்ட் இருந்தால்தான் தமிழீழ வீரராக முடியும். இதைப் புலம்பெயர்ந்தோரின் குற்றமாக நான் சொல்லவில்லை. அவர்கள் பெற்றோரும் படகிலும் லாரியிலும் போனவர்கள்தான். அந்தப் படகுகள் போய்ச் சேர்ந்த கரைகளின் சட்டங்கள் வேறு, மண்டபம் கரையின் சட்டம் வேறு.

திம்பத்துக்கு அந்தப் பக்கம்

ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூர் தாண்டிக் கேர்மாளம் வழியாகக் கர்நாடக எல்லைக்குள் போனால் உடையார்பாளையம். அங்கே 1970-களில் அமைக்கப்பட்ட திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே பிரார்த்தனைக் கொடிகள் பறக்கும். அவர்களும் அகதிகள், இந்தியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு என்பது அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் திபெத்தியர்களுக்கு இந்திய அரசு அடையாளச் சான்றிதழ் என்ற பயண ஆவணத்தைத் தருகிறது. அதில் விசா குத்தி வெளிநாடு போய்த் திரும்பி வரலாம்.

அந்தச் சிறு புத்தகம் கால்பந்தில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். 2001 ஜூன் 30 அன்று கோபன்ஹேகனில், சீனாவின் எதிர்ப்பை மீறி, திபெத் அணி கிரீன்லாந்துடன் ஆடியது. 4-1 என்று தோற்றாலும் ஆட்டம் நடந்துவிட்டது. 2018 லண்டன் போட்டியிலும் திபெத் இருந்தது. இந்தியக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் அந்த அணியில் ஆடினார்கள். அதே போட்டியில், அதே வாரத்தில், தமிழீழ அணியும் ஆடியது. இந்தியாவிலிருந்து அகதிகள் வர முடிந்தது எந்த அணிக்கு என்று கேட்டால் விடை திம்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

சான்றிதழ் இருந்தாலும் எல்லாம் சுகம் என்று சொல்லிவிட முடியாது. 2017-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரப் போட்டிக்குக் கிளம்பிய திபெத்தியப் பெண்கள் அணிக்கு விசா மறுக்கப்பட்டது. விசா அதிகாரிகளின் அச்சத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. ஊஸ்டெர்சுண்டில் 10-0 தோல்வி கண்டதே டார்ஃபூர் அணி, அவர்கள் சாட் நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள். போட்டி முடிந்ததும் அவர்களில் பலர் சுவீடனிலேயே தஞ்சம் கேட்டுவிட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் அடுத்து வரும் அகதி அணியின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இது நினைவிருக்கும்.

திபெத்தியர்களிடம் கற்க வேண்டியது பயண ஆவணம் மட்டும் அல்ல. தலாய் லாமாவின் தாயார் நினைவாக 1981 முதல் குடியிருப்புகளுக்கு இடையே ஒரு தங்கக் கோப்பை நடத்துகிறார்கள். அணிகள் பஸ்ஸிலும் ரயிலிலும் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருகின்றன. திபெத் அணிக்கு ஆள் தேடுவோர் பார்க்க வேண்டிய களம் அதுதான். அயல்நாட்டுப் போட்டி வருமுன்பே வீட்டுக்குள் ஒரு போட்டி இருந்தது. இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

பிறகு எங்கே ஆடுகிறார்

தம்பி ஆடுவதெல்லாம் செவன்ஸ். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் இறங்கிய ஏழு பேர் ஆட்டம். கேரளத்தில் இது பெரிய தொழில். ஆனாலும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாததால்தான் இவருக்கு அங்கே இடம் இருக்கிறது. யாரும் ஆவணம் கேட்பதில்லை. ஓட முடிகிறதா, நாளை இரவு வர முடியுமா, அவ்வளவுதான். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தொகை, போக்குவரத்துச் செலவு, சாப்பாடு. சிறிய மைதானத்தில் ஏழு பேர் ஆடும்போது இடது பின்களம் என்று தனியாக ஒரு இடமே கிடையாது என்பது மட்டும் அவருடைய மனக்குறை. ஓரக்கோட்டை ஒட்டி ஓடி மேலேறுவதுதான் அவருக்குக் கைவந்தது. செவன்ஸில் அந்த ஓரம் பத்து அடியில் முடிந்துவிடுகிறது.

பதினொருவர் ஆட்டத்தை அவர் கண்ணாரக் கண்டது கோவை நேரு ஸ்டேடியத்தில். சென்னை சிட்டி அணி கோவையைத் தன் களமாக வைத்துக்கொண்டு 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்ற காலம் அது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது கிழக்கு கேலரியில் இருந்தாராம். இந்திய அணியில் ஆட இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரியும். தமிழீழம் என்று ஓர் அணி இருப்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் முதலில் மகிழ்ச்சி; அப்புறம் வீரர்களின் பட்டியலைத் தேடிப் பார்த்து, அடைப்புக்குறிக்குள் இருந்த வெளிநாட்டுக் கிளப் பெயர்களைப் படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

செய்யக்கூடியது

கோனிஃபாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனிடம் பணமும் இல்லை, விசா கொடுக்கும் அதிகாரமும் இல்லை. இந்திய அரசு திபெத்தியர்களுக்குத் தரும் பயண ஆவணத்தை இலங்கைத் தமிழர்களுக்கும் தாராளமாகத் தர வேண்டும் என்பது சரியான கோரிக்கை, ஆனால் அது கால்பந்து ஆர்வலர்களால் முடிகிற காரியம் அல்ல. முடிகிற காரியம் முகாம்களுக்கு இடையேயான கோப்பை. தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. கொங்கு வட்டாரத்தில் மட்டும் பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி, கோட்டூர், பரமத்தி, கரூர் பக்கம் ராயனூர், இரும்பூதிப்பட்டி என்று ஒரு லீகுக்குப் போதுமான அணிகள் கிடைக்கும். தமிழீழம் என்ற பெயர் இதற்கு வேண்டியதில்லை, வைத்தால் நடக்கவும் நடக்காது. முகாமின் பெயரே போதும். 2021-ல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அந்தப் பெயரில் ஒரு கோப்பைக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

நடைமுறைச் சிக்கல்கள் சில்லறையானவை, ஆனால் உண்மையானவை. முகாமில் மாதம்தோறும் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை உண்டு. அன்று ஆள் இல்லாவிட்டால் அரசு தரும் மாதப் பணக்கொடை நிற்கும். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று 2021-ல் உயர்த்தப்பட்ட தொகை அது. வெளியூரில் இரவு தங்க முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆகவே ஆட்டங்கள் தணிக்கை நாளைத் தவிர்த்து, போன அன்றே திரும்புகிற தொலைவில் வைக்கப்பட வேண்டும். பவானிசாகரிலிருந்து அரச்சலூர் எளிது. இரும்பூதிப்பட்டி ஒரு நாளில் போய் வரலாம், ஆனால் ஆட்டம் முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பெயின்ட் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் என்பதால் ஞாயிறு தவிர வேறு நாள் ஒத்துவராது.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத் தம்பியிடம் காட்டினேன். எல்லாம் சரி என்றார்; ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். அனுமதிக் கடிதம் கேட்கும்போது ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக வட்டாட்சியர் அலுவலகம் ஏறி இறங்க வேண்டாம் அண்ணா, முதல் ஆண்டு எல்லா அணிகளையும் பவானிசாகருக்கே வரவைத்துவிடலாம், அணைக்குக் கீழே முழு அளவு மைதானம் இருக்கிறது என்றார். பதினொருவர் ஆட்டம்தானே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.